எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவார்?

கொழும்பு, புறக்கோட்டை
12-1-1955

அன்புள்ள ஹபீபாவுக்கு,

சதக் எழுதிக்கொள்வது. ஸலாம். எனக்குச் சளி விட்டுவிட்டது. ஊறுகாய் ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் 'எப்போது வருகிறீர்கள்' என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கட்டாயம் வருவேன். முதலாளி வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

இப்போது ஒரு காரியம். இதை நீ யாரிடமும், உம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. இங்கே ஜவுளிக் கடையில் என்னோடு வேலை செய்யும் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். பெயர் கேட்காதே. யாரிடமும் சொல்வதில்லை என்று அல்லாஹ்மேல் ஆணையிட்டுக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு ஒரு புண். எங்கே என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. சாரம் கட்டுகிற இடத்துக்கும் கீழே என்று வைத்துக்கொள். வலி இல்லை, அரிப்பு இல்லை, சீழ் இல்லை. தொட்டால் சட்டைப் பித்தான் மாதிரி கெட்டியாக இருக்கிறதாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் குடித்துவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போனானாம். அதைச் சொல்வதற்குள் அவனுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

டாக்டரிடம் போ என்றால், கொழும்பில் தும்மினால் ஊரில் கேட்கும் என்கிறான். அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போகிறான். வீட்டில் மனைவி இருக்கிறாள். அதற்குள் ஆற வேண்டும். உன் வாப்பா விட்டுப்போன மருந்துப் பெட்டியில் இதற்கு ஏதாவது இருக்குமா? ஹோமியோபதியில் தீராத வியாதி இல்லை என்று கல்யாணமான முதல் வாரமே நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய். நான் மறக்கவில்லை.

உன்
சதக்


பெரியபட்டினம்
20-1-1955

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஹபீபாவின் ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் உம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. அதுவும் நான் வேலை சொன்னால்தான் வருகிறது.

இப்படி ஒரு கடிதத்தைப் புருஷனிடமிருந்து வாங்கிப் படித்தவள் இந்தக் கடற்கரையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாதி படிக்கும்போதே உம்மா, 'என்ன புள்ள, முகம் செவக்குது' என்று கேட்டார்கள். அடுப்புச் சூடு என்றேன். அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை.

வாப்பா தபாலில் ஹோமியோபதி படித்தவர். நான் தபாலிலேயே வைத்தியம் பார்க்கிறேன், பொருத்தம்தான். இந்தப் புண்ணுக்குப் புத்தகத்தில் கிரந்தி, அதாவது மேகநோய் என்று பெயர் போட்டிருக்கிறது. பெண்பிள்ளைகள் அந்தப் பக்கங்களைப் படிக்கக் கூடாது என்று வாப்பா சொல்லியிருந்தார். அதனால் அந்தப் பக்கங்களை நான் பத்து வயதிலேயே தேடிப் பார்த்துவிட்டேன். மெர்க்குரியஸ் என்ற மருந்தை ஆறு பொட்டலமாக மடித்து இதோடு வைத்திருக்கிறேன். மூன்று நாளைக்கு ஒன்று, வெறும் வயிற்றில். காப்பி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது. உங்கள் கடையில் துணிகளுக்கு நடுவே போடுகிற கற்பூர உருண்டைப் பக்கம் பொட்டலத்தை வைக்கக் கூடாது, மருந்தின் வீரியம் போய்விடும்.

அந்தச் சிநேகிதரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மனைவி காத்திருக்கும்போது மனிதன் புறக்கோட்டையோடு நிற்க வேண்டும், துறைமுகம் வரை போகக் கூடாது. நீங்களும்தான்.

உங்கள்
ஹபீபா


கொழும்பு
24-2-1955

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

ஆறிவிட்டது. இருந்த இடம் தெரியவில்லை என்று சத்தியம் செய்கிறான். ஆறு பொட்டலத்தையும் உன் சொல்படியே சாப்பிட்டான். காப்பியை நிறுத்திய முதல் வாரம் அவனோடு யாரும் பேச முடியவில்லை, அவ்வளவு சிடுசிடுப்பு. இன்றைக்கு அவன் ஊருக்குக் கப்பல் ஏறப் போய்விட்டான். போகும்போது, 'அண்ணே, மதினி கைக்குத் தங்கக் காப்பு போடணும்' என்றான். வெறும் வாய் வார்த்தைதான் என்றாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அறையில் நான் மட்டும் இருக்கிறேன். நீ இருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுத நினைத்து, அதைத்தான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன் என்று நினைவு வந்தது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

சதக்


பெரியபட்டினம்
4-3-1955

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதத்தை வாப்பாவின் மருந்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பட்டம் வாங்கியவர்கள் சுவரில் மாட்டுவார்கள், என்னால் இதை எந்தச் சுவரில் மாட்ட முடியும்? காய்ச்சல், சொறி, பிள்ளைகளின் மாந்தம், இவ்வளவுதான் இதுவரை என் வைத்தியம். கடல் தாண்டி ஒரு பெரிய வியாதியைத் தீர்த்திருக்கிறேன். இரண்டு நாளாக நடையே மாறிவிட்டது. உம்மா, 'இவளுக்கு என்ன வந்துச்சு' என்று பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுங்கள். எனக்கு அலுக்காது.

ஹபீபா


கொழும்பு
18-5-1955

அன்புள்ள ஹபீபா,

மறுபடியும் அந்தச் சிநேகிதன் விஷயம்தான். ஊரிலிருந்து திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் செம்புக் காசு நிறத்தில் புள்ளிகள். உள்ளங்காலிலும் இருக்கிறது. அரிப்பு இல்லை. தொண்டை கட்டியிருக்கிறது. சீப்பில் முடி கொத்தாக வருகிறது. மூட்டை தூக்கும் கை, சாக்குச் சொரசொரப்பில் வந்திருக்கும் என்று அவன் சொல்கிறான். எனக்கு மனது கேட்கவில்லை. பழைய புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? மருந்து அனுப்பு.

நோன்புப் பெருநாளுக்கு உன் கை வட்டிலப்பம் இல்லாமல் கடைப் பலகாரம்தான் தின்னப் போகிறேன். பரிதாபப்படு.

சதக்


பெரியபட்டினம்
26-5-1955

அன்புள்ள மச்சான்,

பெருநாள் ஸலாம். வட்டிலப்பம் செய்தேன். உங்கள் பங்கை நானே தின்றுவிட்டேன், பரிதாபப்பட்டுக்கொண்டே.

சிநேகிதரின் புள்ளிகள் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியில் ஆறினது உள்ளே இருக்கிறது போலும். இந்த முறை வியாதியின் பெயருக்கு மருந்து கொடுக்க மாட்டேன், ஆளின் சுபாவத்துக்குக் கொடுக்க வேண்டும். வாப்பா நோயாளியிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்பார். நீங்கள் அவரிடம் இதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவார்? போர்த்திக்கொள்வாரா, உதறிவிடுவாரா? எந்த நேரத்தில் பசி அதிகம்? எந்தச் சுவையில் ஆசை? கோபம் வந்தால் என்ன செய்வார்? எதற்கு அழுவார்? எதற்குப் பயம்? அடிக்கடி வரும் கனவு என்ன? ஒன்றையும் விடாதீர்கள். ஒரு பதில் தப்பினாலும் மருந்து தப்பிவிடும்.

ஒரு நல்ல சேதி. வாலிநோக்கம் அளத்தில் உப்பு வாருகிற செவ்வந்தியைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லையென்று என்னிடம் மருந்து சாப்பிடுகிறவள். அவளுக்கு இப்போது மூன்று மாதம். அவள் புருஷனும் கொழும்பில்தான் எங்கேயோ வேலை, மாசியில் வந்துபோயிருக்கிறான். நேற்று வாந்திக்கு மருந்து கேட்டு வந்தாள். வந்தவள் மருந்தை மறந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மசக்கையில் முகம் வாடிக் கிடந்தது, ஆனாலும் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கே பிள்ளை வந்ததுபோல் இருந்தது மச்சான்.

ஹபீபா


கொழும்பு
4-6-1955

அன்புள்ள ஹபீபா,

செவ்வந்தி சேதி கேட்டு மிகவும் சந்தோஷம். நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும்.

சிநேகிதனின் பதில்கள் கீழே.

வலது பக்கம் படுப்பான், முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து. கழுத்து வரை போர்த்துவான், ஆனால் பாதம் இரண்டும் வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எரியும். பகல் பதினொரு மணிக்கு அசுரப் பசி, அப்போது எதுவும் கிடைக்காவிட்டால் கை நடுங்கும். இனிப்பில் ஆசை, பையில் எப்போதும் பனங்கற்கண்டு இருக்கும். கோபம் வந்தால் பேச மாட்டான். கண்ணில் படுகிற பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் துலக்குவான். சொந்தத் துக்கத்துக்கு அழமாட்டான், ஆனால் ரயில் கிளம்பும்போது யாரோ யாரையோ வழியனுப்பினாலும் கண் கலங்கிவிடும். பயம் பல்லிக்கு. கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுகிற மாதிரி கனவு வரும். டிக்கெட் கையில் இருக்கும், காலில் செருப்பு இருக்காது.

ஒன்றையும் விடவில்லை. சீக்கிரம் மருந்து அனுப்பு.

சதக்


பெரியபட்டினம்
12-6-1955

மச்சானுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. மனது வரவில்லை.

உங்கள் பதில்களைச் சமையல்கட்டில் வைத்துப் படித்தேன். முதல் பதிலைப் படித்துச் சிரித்தேன், உலகத்தில் இன்னொருவரும் இப்படித் தூங்குகிறாரே என்று. பாதம் வெளியே என்றதும் சிரிப்பு நின்றது. பதினொரு மணி, பனங்கற்கண்டு, ஒவ்வொன்றாக வந்தது. பாத்திரம் துலக்குகிற இடம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக ஊருக்கு வந்தபோது, என் தம்பி கல்யாணத்தில் உங்கள் அண்ணனோடு சண்டை வந்து, பந்திச் சட்டிகள் பூராவையும் நீங்கள் ஒரு ஆளாகத் தேய்த்து வைத்தீர்களே, மறந்துவிட்டதா? அந்தக் கப்பல் கனவைச் சொல்லி எத்தனை தடவை என்னை எழுப்பியிருக்கிறீர்கள்?

பெயர் இல்லாத சிநேகிதன். ஆணையிட்டுக் காத்த ரகசியம். அந்த வீட்டுக்குப் போன தப்பை ஒருநாள் மன்னிப்பேனோ என்னவோ, தெரியாது. என்னையே கேட்டு, நான் மடித்த பொட்டலத்தைச் சாப்பிட்டு, டாக்டரம்மா என்று எழுதினீர்களே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. நான் அந்தக் கடிதத்தை மருந்துப் பெட்டியில் வைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியம் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது வாப்பாவின் வழக்கம். அதனால் சொல்கிறேன். உங்கள் புண்ணை மெர்க்குரியஸ் ஆற்றவில்லை. மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது ஒரு மாதத்தில் தானாக ஆறுமாம். ஆறிவிட்டு ரத்தத்தில் போய் உட்காருமாம். புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே அச்சடித்துக் கிடக்கிறது. நான் மருந்தின் பெயரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன், அவ்வளவு அவசரம் எனக்கு. அப்படி ஆறினவன் வீட்டுக்கு வந்தால் மனைவிக்கும் ஒட்டும். அவள் பிள்ளை உண்டானால் அது வயிற்றிலேயே போகும், பிறந்தாலும் தோல் உரிந்து பிறக்கும் என்று போட்டிருக்கிறது. நல்லவேளை, ஒன்றரை வருஷமாக நீங்கள் வரவில்லை.

என் பெட்டியில் இதற்கு மருந்து இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுங்கள். பெனிசிலின் என்று ஒரு ஊசி இருக்கிறது, அதுதான் இதைத் தீர்க்கும் என்று தினசரியில் படித்திருக்கிறேன். ரத்தம் சுத்தம் என்ற காகிதம் இல்லாமல் பெருநாளுக்கு வர வேண்டாம்.

ஹபீபா


கொழும்பு
17-6-1955

என் ஹபீபாவுக்கு,

உன் கடிதம் இன்றைக்குப் பகல் பதினொரு மணிக்கு வந்தது. பசி எங்கே போனதென்று தெரியவில்லை.

அது நான் இல்லை. ஆனால் நீ என்னை நம்புவதும் நம்பாததும் பிறகு இருக்கட்டும். முதலில் செவ்வந்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. அந்தச் சிநேகிதன் வீரையா, செவ்வந்தியின் புருஷன். புண் ஆறிவிட்டதென்று நம்பி மாசியில் ஊருக்கு வந்தவன் அவன்தான். மனைவிக்கு ஒட்டும், வயிற்றுப் பிள்ளை போகும் என்று நீ எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு முதலில் என் நினைப்பு வரவில்லை, நீ எழுதியிருந்த அந்தப் பெண்ணின் சிரிப்புத்தான் வந்தது. செவ்வந்தி உன்னிடம் வருகிறவள் என்பதால்தான் வீரையா பெயரைச் சொல்லாதே என்று என்னிடம் ஆணை வாங்கினான். அவள் உண்டாகியிருப்பது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆணை என்ன ஆணை.

இப்போது அந்த ஆணையை உடைத்துவிட்டேன். பள்ளிவாசல் லெப்பையிடம் பரிகாரம் கேட்டேன். பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும், முடியாதவன் மூன்று நோன்பு வைக்க வேண்டும் என்றார். நாளையிலிருந்து நோன்பு.

பதில்கள் எப்படி என்னுடையவை ஆயின என்று கேட்பாய். உன் கேள்விகளை வீரையாவிடம்தான் முதலில் கேட்டேன். 'எந்தப் பக்கம் படுத்தா என்னண்ணே? புண்ணு கையிலயா இருக்கு, கனவுலயா இருக்கு? என்னையக் கேலி பண்றீகளா?' என்று எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காலியாக அனுப்பினால் நீ மருந்து தர மாட்டாய். ஒரு மனிதன் தூங்குவதும் பசிப்பதும் இன்னொருவனுக்கு எவ்வளவு வித்தியாசப்பட்டுவிடும் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே ஆளைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நீ என்னை இவ்வளவு மனப்பாடமாக வைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்த கையோடு வீரையாவைத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. அவன் தனியாக வரிசையில் நிற்கக் கூசினான், அதனால் நானும் நின்று ரத்தம் கொடுத்தேன். நீ கேட்ட காகிதம் வந்ததும் அனுப்புகிறேன். செவ்வந்தி விஷயத்தில் ஒரு நாளும் தாமதிக்காதே.

சதக்


பெரியபட்டினம்
3-7-1955

என் மச்சானுக்கு,

முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: செவ்வந்திக்கு ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் கையை விரித்துப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அவள் உள்ளங்கையிலும் அதே புள்ளிகள். உப்பில் கிடக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். என் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாளே, நான் அந்தக் கையைப் புரட்டிப் பார்க்கவில்லை. ரத்தம் மதுரைக்குப் போயிருக்கிறது. அதற்குக் காத்திருக்காமல் அன்றைக்கே முதல் ஊசி போட்டார்கள். நான்கு மாதத்தில் வந்தது நல்லது, பிள்ளை பிழைக்க நிறைய வழி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. உறுதி சொல்லவில்லை. நான் கேட்கவும் பயந்தேன்.

வீரையாவை 'ஆறிவிட்டது, போய் வா' என்று அனுப்பிவைத்தது என் ஆறு பொட்டலம்தான். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். காய்ச்சலுக்கும் மாந்தத்துக்கும் பெட்டியைத் திறப்பேன். இனி இந்த மாதிரி வியாதி என்று யார் வந்தாலும் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்.

இனி உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, நான் உங்களைச் சந்தேகப்பட்டது. காகிதம் வேண்டாம். 'முதலில் செவ்வந்தியைக் கூட்டிப் போ' என்று எழுதினீர்களே, அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. அப்புறம் அழுதேன். உம்மா முழங்கால் வலியை மறந்துவிட்டு ஓடி வந்தார்கள்.

இரண்டாவதை எழுதத்தான் கை தயங்குகிறது. உனக்கு இப்படி ஒரு வியாதி இருக்கலாம் என்று சொன்னால் செவ்வந்தி வரமாட்டாள், உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அதனால், எனக்கு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், துணைக்கு வா, அப்படியே உன் வயிற்றுப் பிள்ளைக்கும் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டிப் போனேன். அங்கே எந்த அறைக்கு எந்த வியாதி என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த அறை வாசல் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் நம் தெருக் கோடி வீட்டு மாமி, பேத்திக்குக் காது வலி என்று வந்திருந்தார்கள். எங்களைப் பார்த்தார்கள், அறையைப் பார்த்தார்கள். பிறகு செவ்வந்தியின் வயிற்றைப் பார்த்து, 'உனக்கு என்னாடி இங்கன வேலை?' என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்கள். செவ்வந்தி எழுந்து ஓடப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு மாமியிடம் சொன்னேன்: 'அவளுக்கு ஒண்ணுமில்ல மாமி. எனக்குத்தான். கொழும்புலேருந்து எங்க மச்சான் எழுதியிருந்தாக, அவுகளுக்கு வந்திருக்காம். நானும் பாத்துக்கிறணும்னு வந்தேன்.'

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. செய்யாத தப்புக்கு உங்களைத் தபாலில் குற்றம் சாட்டினேன். இல்லை என்று தெரிந்த பிறகு ஊர் நடுவே சாட்டிவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் செவ்வந்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். 'அக்கா, ஒங்க மச்சானுக்கு நோவுன்னு அந்தம்மாகிட்டச் சொன்னீகளே, அப்ப ஒங்க கண்ணு கலங்கவே இல்ல. எனக்குத்தான் கலங்குச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது யாரு வீட்டு நோவுன்னு.' நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 'பிள்ள நல்லபடியா வரட்டும். அந்தாளு வந்தா நான் பேசிக்கிறேன்' என்றாள். வீரையாவிடம் சொல்லி வையுங்கள், அவள் சும்மா விடமாட்டாள். ஆனால் ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.

என்னை மன்னிப்பீர்களா?

ஹபீபா


கொழும்பு
11-7-1955

ஹபீபா,

செவ்வந்திக்கு ஊசி போட்ட சேதியை வீரையாவுக்குப் படித்துக் காட்டினேன். சாக்கு மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கியது. ரயில் எதுவும் கிளம்பவில்லை.

என் பெயரைக் கொடுத்ததற்கு மன்னிப்பு எதற்கு? என்னிடம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அந்த மாமியின் வாய்க்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பெண்ணைக் கொடுப்பதைவிட என்னைக் கொடுத்தது சரி.

ஆனால் நான் ஒன்றை மறைக்கப் போவதில்லை. மறைத்துப் பட்டது போதும். பேச்சு உன் கடிதத்துக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. முதலாளிக்கு நம் ஊரில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து எழுதியிருக்கிறார்கள். திட்டவில்லை, பழையபடிதான் பேசுகிறார். ஆனால் நேற்றிலிருந்து அவர் தன் தண்ணீர்த் தம்ளரை உயரத்தில் தனியாக வைத்திருக்கிறார். வீரையா எழுந்து, 'அது நான்தான்' என்று சொல்லப் போனான். நான்தான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவன் சொன்னால் அது ஒரு வாரத்தில் வாலிநோக்கத்துக்குப் போய்விடும்.

அதனால் இந்தப் பெருநாளுக்கு வரவில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஊர் எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். பெருநாள் தொழுகையில் தோளோடு தோள் சேர்த்து நிற்கும்போது, பக்கத்தில் நிற்கிறவர் ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டால் அதை மட்டும் தாங்க முடியாது. அடுத்த வருஷம் பேச்சு மறந்திருக்கும், அப்போது வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ வேண்டாம் என்று சொன்ன காகிதம் வந்துவிட்டது. என் ரத்தம் சுத்தம். இதோடு வைத்திருக்கிறேன்.

சதக்


பெரியபட்டினம்
17-7-1955

என் மச்சானுக்கு,

உங்கள் காகிதத்தைப் படித்தேன். இதைத் தெருக் கோடி மாமியிடம் காட்டினால் ஒரே நாளில் பேச்சு அடங்கும். ஆனால் மறுநாள், 'அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்குப் போனது யாருக்காக' என்ற பேச்சு ஆரம்பிக்கும். அதனால் அதை யாருக்கும் காட்டப் போவதில்லை. மதுரையிலிருந்து செவ்வந்தியின் முடிவும் வந்துவிட்டது. டாக்டரம்மா நினைத்தது சரிதான், ஊசி தொடர்ந்து நடக்கிறது. நேற்று என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, ஏதோ அசைகிறது அக்கா என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

உங்கள் உம்மாவின் காதுக்கும் பேச்சு வந்தது. என்னிடம் கேட்டார்கள். 'உங்க பிள்ளை ஒரு தப்பும் செய்யல. அதுக்கு மேல என்னையக் கேக்காதீக' என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'எம் புள்ளயப் பத்தி நீயா எனக்குச் சொல்லித் தாரே?' என்று சொல்லிவிட்டுப் போய் மாவரைக்க உட்கார்ந்தார்கள். பெருநாளுக்கு நீங்கள் வருவீர்கள் என்றுதான் அரைத்தார்கள். வரவில்லை என்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நீங்கள் அடுத்த வருஷம் வந்தால், வெட்கப்பட்டு ஒளிந்திருந்துவிட்டு வந்ததாகத்தான் ஊர் சொல்லும். எனக்கும் இன்னொரு வருஷம் உங்கள் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

ஆகவே நான் முடிவு செய்ததை எழுதுகிறேன். பெருநாளுக்கு முன்பே, இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை வண்டியில் ராமநாதபுரம் வந்து இறங்குங்கள். நம் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷனை அழைக்க ஸ்டேஷனுக்குப் போனதில்லை, கதவுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். நான் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பேன். நம் ஊர் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். வழியில் தாகம் எடுத்தால் நீங்கள் குடித்த சொம்பில் நானும் குடிப்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். தனக்கு அந்த வியாதியைக் கொண்டுவந்த புருஷனை எந்தப் பெண்ணும் இப்படி அழைத்து வரமாட்டாள் என்று அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு தொழுகையில் யார் தள்ளி நிற்கிறார் என்று பார்ப்போம்.

பஸ் ஊருக்கு வரும்போது ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் எல்லாரும் வெளியே வருகிற நேரமாக இருக்கும். நீங்கள் பிரயாணி, அன்றைக்கு உங்களுக்கு ஜும்ஆ கடமையில்லை, லெப்பையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்குத் தெரு வழியாகப் போனால் வீடு கிட்டம்தான். ஆனாலும் நாம் பள்ளிவாசல் தெரு வழியாகவே போவோம். வேகமாக நடக்காதீர்கள், மச்சான்.

உங்கள்
ஹபீபா